சைலன்சர் சத்தத்துக்கு மட்டும் இல்ல

கார் ரிப்பேர் பத்தி எழுதினா பாதி பேர் முதல் பாராவிலேயே ஓடிடுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் இந்த ஒரு தடவை கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பழைய கார் வச்சிருக்கவங்க, மலைப்பாதையில அடிக்கடி போறவங்க, முக்கியமா பின்சீட்ல வயசானவங்களையோ குழந்தைகளையோ உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறவங்க கட்டாயம் படிக்கணும்.

நம்ம வண்டி மாருதி 800. 1996 மாடல், கார்புரேட்டர், டிஎன் 57 நம்பர். இந்த மாடலோட மொத்தக் கதையே 1983 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2014 ஜனவரியில முடிஞ்சு போச்சு. ஆனா எங்க பெருமாள்மலைப் பக்கம் வந்து பாருங்க, இன்னும் பால் கேனும் பேரிக்காய்ப் பெட்டியும் ஏத்திக்கிட்டு முக்கி முனகி ஏறிக்கிட்டுத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளா வண்டி சத்தம் மாறி இருந்துச்சு. மூணு சிலிண்டர் வண்டிக்கே உரிய அந்த 'டர்ர்ர்' இருக்கு பாருங்க, அது 'பட பட பட'ன்னு ஆச்சு. அப்புறம் ஆக்சிலேட்டர் மிதிச்சா ட்ராக்டர் மாதிரி. ஊத்து தாண்டி வரும்போதே நான் வர்றது வீட்டுல தெரிஞ்சுடுது, டீ போட ஆரம்பிச்சுடறாங்க. அது ஒண்ணுதான் லாபம்.

மலையில சைலன்சர் ஏன் சீக்கிரம் போகுது?

கடற்கரை ஊர்லதான் துரு பிடிக்கும், உப்புக்காத்துதான் காரணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மலையிலும் பிடிக்கும், அதுவும் உள்ளே இருந்து பிடிக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது. நம்ப முடியலைல்ல? பெட்ரோல்ல இருக்கிற ஹைட்ரஜன் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணியாகுது, அவ்வளவுதான். அது ஆவியா பைப் வழியா வெளியே போயிடும், பைப் சூடா இருந்தா. காலையில வண்டிய எடுத்து மூணு கிலோமீட்டர் போய் காய்கறி வாங்கிட்டுத் திரும்பினா பைப் எங்க சூடாகும்? எஞ்சினுக்குப் பக்கத்துல இருக்கிற முன்பைப் கொதிக்கும். கடைசியில தொங்குற சைலன்சர் வெதுவெதுன்னுகூட ஆகாது. ஆவி அங்க போய் குளிர்ந்து தண்ணியா தங்கிடும். எரியும்போது உண்டாகிற அமிலமும் அதுல கொஞ்சம் கரைஞ்சிருக்கும். வெளியே பார்த்தா பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்.

இங்க வருஷத்துல பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துக்குது. வெளிப்பக்கமும் காயறதே இல்ல. அப்புறம் சைலன்சர் எத்தனை நாள் தாங்கும்?

மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வி

எங்க மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசமாட்டார். வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு, குனிஞ்சு கொஞ்ச நேரம் கேட்டார். பின்னாடி சைலன்சர் அடியில ஒரு ஓட்டை, விரல் போகும். அது எனக்கே தெரியும். ஆனா அவர் முன்னாடி வந்து, எஞ்சினுக்குக் கீழ முன்பைப் சேர்ற ஃப்ளாஞ்சுக்கிட்ட கையக் காட்டினார். அங்க கருப்பா கரி படிஞ்சிருந்துச்சு. பேக்கிங் போயிருக்கு.

"தம்பி, சத்தம் கிடக்கட்டும். வண்டியில யாருக்காச்சும் தலை வலிக்குதா?"

"அம்மாவுக்கு வரும்ணே. மாசம் ஒருக்கா மதுரைக்கு கண் டாக்டர்கிட்ட போறோம்ல, அப்ப. வளைவு ஒத்துக்கல."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னேன். "ஏறும்போதுதான்."

"வளைவு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிட்டு ஸ்பேனர் தேடப் போயிட்டார். எனக்குத்தான் அங்கேயே நிக்க முடியல.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கவும் கூடாது. இறங்கும்போது காலை நேரம், அம்மா தூங்கி எழுந்து ஃப்ரெஷ்ஷா இருப்பாங்க. ஏறும்போது சாயங்காலம், கண்ணுல மருந்து விட்டு, வெயில்ல அலைஞ்சு, நூறு கிலோமீட்டருக்கு மேல உட்கார்ந்து வர்றாங்க. தலை வலிக்க அதுவே போதும். ஆனா இன்னொரு பக்கமும் யோசிச்சுப் பாருங்க. இறங்கும்போது ஆக்சிலேட்டர்ல காலே வைக்கிறதில்ல, கியர்லயே இறங்குது, எஞ்சின் கொஞ்சமாத்தான் புகை விடும். ஏறும்போது ரெண்டாவது கியர்ல மிதி மிதின்னு மிதிக்கிறோம், ஓட்டை வழியா புகை பீச்சி அடிக்கும். வண்டியும் மெதுவாப் போகுது, அடிச்சுட்டுப் போக எதிர்க்காத்தும் இல்ல. டம்டம் பாறை தாண்டினதும் குளிருதுன்னு கண்ணாடிய எல்லாம் ஏத்திடுவோம்.

மலையில தலை வலிச்சாலோ, குமட்டினாலோ, கிறுகிறுன்னு வந்தாலோ நம்ம ஆளுங்க உடனே சொல்றது, "மலை ஒத்துக்கல, எலுமிச்சம்பழம் மோந்து பாரு." தொண்ணூறு தடவை அது சரியாவே இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு உடம்புக்குள்ள போனா முதல்ல வர்றதும் இதே தலைவலி, இதே குமட்டல், இதே கிறுகிறுப்புதான். சமவெளியில வந்தா சந்தேகப்படுவோம். மலையில வந்தா வளைவு மேல பழியப் போட்டுட்டு போயிட்டே இருப்போம். பயமே அதுதான்.

கொஞ்சம் கணக்கு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல, அதைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது போய் உட்கார்ந்துக்கும். குளிருக்கு அறைக்குள்ள கரி அடுப்ப வச்சுக்கிட்டு கதவச் சாத்தித் தூங்கினவங்க காலையில எழுந்திருக்கலன்னு மலை ஊர்ச் செய்தி படிச்சிருப்பீங்களே, அதே வாயுதான்.

எங்க வண்டி மாதிரி பாரத் ஸ்டேஜுக்கு முந்தின பெட்ரோல் கார்களுக்கு, புகைப் பரிசோதனையில ஐடிலிங்ல 3 சதவீதம் வரைக்கும் கார்பன் மோனாக்சைடு அனுமதி. பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு அது 0.5 சதவீதம். 3 சதவீதம்னா பத்து லட்சத்துல 30,000 பங்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரம் சுவாசிக்க வச்சிருக்கிற வரம்பு கன மீட்டருக்கு 35 மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்துல சுமார் 30 பங்கு. ஆயிரத்துல ஒண்ணு! காருக்குள்ள இருக்கிற காத்துல ஆயிரத்துல ஒரு பங்கு அந்தப் புகை கலந்தாலே வரம்பைத் தொட்டாச்சு. சட்டப்படி பாஸான வண்டியிலயே இந்தக் கதை.

மலை இதை ரெண்டு விதமா மோசமாக்குது. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்தைவிட அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலக் குறைக்காம விட்டுக்கிட்டே இருக்கும். காத்து குறைவு, பெட்ரோல் அதிகம்னா மோனாக்சைடும் அதிகம். அதே நேரம் சுவாசிக்கிற ஆளுக்கும் ஆக்சிஜன் குறைச்சல்.

புகை உள்ளே எப்படி வருதுன்னு கேட்டேன். அண்ணன் மூணு இடம் காட்டினார். ஒண்ணு, முன் கண்ணாடிக்குக் கீழ காத்து இழுக்கிற ஜாலி, எஞ்சின் பக்கத்துப் புகை இது வழியா நேரா உள்ளே வரும். ரெண்டு, கால் மிதிக்குக் கீழ வயர் போற ஓட்டைகள்ல இருக்கிற ரப்பர், காஞ்சு உதிர்ந்திருக்கும். மூணு, பின்கதவு பீடிங். வண்டி ஓடும்போது பின்னாடி ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகி, வால்பைப் புகையே சுத்தி வந்து பின்கதவு இடுக்கு வழியா உள்ளே நுழையும். மூணுமே பின்சீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. ஓட்டுறவன் எப்பவும் தன் பக்கத்துக் கண்ணாடிய ரெண்டு விரல் இறக்கி வச்சிருப்பான்.

ஒட்டுப் போடலாமா, புதுசா?

ஓட்டை மேல தகடு வச்சு வெல்டிங் அடிச்சா மலிவா முடிஞ்சிடும். "அடிச்சா ஒரு மழைக்காலம் வரும். பக்கத்துல இன்னொரு இடத்துல பொத்துக்கும்"னார். உள்ளே இருக்கிற தடுப்புத் தகடெல்லாம் உதிர்ந்து போயிருந்துச்சு. தட்டினா உண்டியல் மாதிரி கலகலன்னு சத்தம்.

சைலன்சருக்குள்ள அப்படி என்ன இருக்குன்னு பழசை அறுத்துப் பார்த்தோம். அறை அறையா பிரிச்சு, ஓட்டை போட்ட குழாய்கள். சத்தம் ஒரு அறைக்குள்ள போய் விரிஞ்சு, சுவர்ல மோதித் திரும்பி, பின்னாடி வர்ற சத்தத்தோடயே மோதி அடங்கும். மூணு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுத்துல ஓடினா செகண்டுக்கு 75 வெடி. அத்தனையும் அந்த டப்பாதான் முழுங்குது. 1897லயே அமெரிக்காவுல ரீவ்ஸ்ங்கிற சகோதரர்கள் இதுக்கு பேடண்ட் வாங்கிட்டாங்க. அடிப்படை இன்னைக்கும் பெருசா மாறல.

மதுரையில விசாரிச்சதுல ஒரிஜினலும் கிடைச்சது, பாதி விலைக்கும் கீழ லோக்கலும் கிடைச்சது. ரெண்டையும் கையில தூக்கிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். தகடு கனமா, ஓரம் ரெண்டு மடிப்பா மடிச்சிருக்கா, குலுக்கினா உள்ளே ஆடுதா, பைப் விட்டம் பழசோட பொருந்துதா, தொங்கவிடுற கொக்கி அதே இடத்துல இருக்கா - இந்த அஞ்சும் பார்த்தா போதும். அடியில ஒரு சின்ன ஊசி ஓட்டை இருந்தா அது தண்ணி வடியறதுக்கு. லீக்னு நினைச்சு அடைச்சுடாதீங்க.

"இதுலயே கொஞ்சம் கெத்தா சவுண்டு வர்ற பைப் இருக்கு சார்"னு கடைப் பையன் ஆசை காட்டினான். வேணாம்பா. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 120 சைலன்சர் கட்டாயம்னு சொல்லுது. சத்தம், புகை விதிய மீறினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்க ரோட்டுல ராத்திரி காட்டுமாடு நிக்கும். ஆயிரம் கிலோவக்கூட தொடுற ஜீவன், அதுக்கிட்ட போய் கெத்து காட்டுற தைரியம் எனக்கு இல்ல.

ஒரிஜினல் சைலன்சர், புது பேக்கிங், புது ரப்பர், புது நட்டு போல்ட். நட்டு போல்ட்டுல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

மாட்டின கதை

பெருமாள்மலையில சமதளமா ஒரு இடம் கண்டுபிடிக்கிறதே பெரிய வேலை. பழனி ரோடு வந்து சேர்ற முக்குக்கிட்ட ஒரு ஷெட்டுல இடம் கிடைச்சது. நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஜாக்கியில தூக்கி, கீழ ஸ்டாண்டு வச்ச பிறகுதான் அண்ணன் அடியில போனார். ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. செங்கல்லும் வேணாம், திடீர்னு பொடியாகிடும்.

பழைய நட்டு ஒண்ணும் அசையல. முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊற வச்சதுல ரெண்டு வந்துச்சு. மூணாவது ஆக்சா பிளேடுக்குத்தான் மசிஞ்சது. கேஸ் வச்சு சூடு காட்டினா நிமிஷத்துல வந்துடும். ஆனா பெட்ரோல் டேங்க் பக்கத்துல இருக்கு, நெருப்பே வேணாம்னுட்டார்.

புதுசை மாட்டறதுல ஒரு முறை இருக்கு. எல்லா ஜாயிண்டையும் முதல்ல லூசா மாட்டணும். ரப்பர்ல தொங்கவிட்டு, எங்கேயும் உரசாம நேரா உட்காருதான்னு பார்க்கணும். அப்புறம் எஞ்சின் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பின்னாடி வரைக்கும் இறுக்கணும். பின்னாடிய முதல்ல இறுக்கினா முன்னாடி ஃப்ளாஞ்ச் கோணலா உட்கார்ந்து பேக்கிங் மறுபடி போயிடும். ரெண்டு மீட்டர் இரும்புப் பைப் 300 டிகிரி சூடேறினா 7 மில்லிமீட்டர் நீளும். அந்த ஆட்டத்துக்குத்தான் ரப்பர். கம்பி வச்சுக் கட்டினீங்கன்னா எங்கேயாவது விரிசல் விட்டே தீரும்.

பெட்ரோல் குழாய்க்கும் புகைப் பைப்புக்கும் 35 மில்லிமீட்டராவது இடைவெளி வேணும்னு விதி 113 சொல்லுது. அண்ணனுக்கு விதி நம்பர் தெரியாது. ரெண்டு விரலைச் சேர்த்து இடுக்குல விட்டுப் பார்த்தார், தாராளமா போச்சு. "இது போதும்." கணக்கு சரியாத்தான் வருது!

டெஸ்ட்

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, தடி கையுறை போட்டு, ஈரத்துணிய மடிச்சு வால்பைப்பை அஞ்சு செகண்ட் அடைக்கணும். திறந்த வெளியில மட்டும். நல்ல பைப்னா எஞ்சின் திணறும். லீக் இருந்தா 'உஸ்ஸ்'னு எங்க இருந்துன்னு காட்டிக் கொடுக்கும்.

2. அதே நேரம் ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவினா குமிழ் விடும். ஊதுபத்தி காட்டிப் பார்க்கிற ஆளுங்களும் இருக்காங்க. பெட்ரோல் வண்டிக்கு அடியில ஊதுபத்தி... சாமி கும்பிட வேண்டியது நாமதான்.

3. முதல் அரை மணி நேரம் புது பெயிண்ட் கருகிப் புகையும். பயப்படாதீங்க, நின்னுடும்.

4. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து, நல்லா ஆறினப்புறம் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கணும். கட்டாயம் ஒரு கால் சுத்தாவது போகும்.

5. புகைச் சான்றிதழ் பாஸாயிட்டா லீக் இல்லைன்னு அர்த்தம் இல்ல. பைப்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ளே கலந்து, கடைசியில மெஷின் காட்டுற மோனாக்சைடு அளவு குறைவாத்தான் காட்டும். ஓட்டை வண்டி நல்ல மார்க் வாங்கும்! அதனால முதல்ல லீக்க அடைச்சுட்டு, அப்புறம் போய் அளந்து கார்புரேட்டர சரி பண்ணுங்க.

6. வீட்டுல மாட்டுற கார்பன் மோனாக்சைடு அலாரம், அளவு காட்டுற திரையோட இருக்கிறது ஒண்ணு வாங்கினேன். அலாரம் அடிக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. ஐரோப்பியத் தரப்படி 50 பிபிஎம்ல அது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கத்தும். திரையில ஓடுற எண்ணைத்தான் பார்க்கணும்.

ஆறாவது டெஸ்டுக்கு நான் ஓட்டல. நண்பன் ஓட்டினான், நான் பின்சீட்டு. டம்டம் பாறை வரைக்கும் இறங்கி, திரும்பி எல்லாக் கண்ணாடியையும் ஏத்திவிட்டு, ரெண்டாவது மூணாவது கியர்ல பெருமாள்மலை வரைக்கும் ஏறினோம். மடியில அந்தப் பொட்டி. பாதி வழி பூஜ்யம். ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டினப்ப எண் கொஞ்சம் எட்டிப் பார்த்துட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துச்சு. ஊர் முக்குல நிக்காம அப்படியே வெள்ளி அருவி வரைக்கும் போகச் சொன்னேன். அருவிக்கிட்ட ஸ்லோ பண்ணி கண்ணாடிய இறக்கினப்ப தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். மாத்தினப்புறம் மூணு தடவை மதுரை போய் வந்தாச்சு. ரெண்டு தடவை தலைவலி இல்ல, ஒரு தடவை வந்துச்சு. அன்னைக்குப் பொட்டியில பூஜ்யம்தான் இருந்துச்சு, மதுரையில வெயில் மண்டையப் பிளந்த நாள் அது. ஆக சைலன்சர்தான் காரணம்னு சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். அண்ணனும் சொல்லல. "காரணம் எதுவா வேணா இருக்கட்டும் தம்பி, நம்ம வண்டி இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டோம்ல"ன்னார். எனக்கு அது போதும்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை மலை ஏறும்போது சாவிய வேற யார்கிட்டயாவது கொடுத்துட்டு, கண்ணாடிய ஏத்திவிட்டு, பின்சீட்ல உட்கார்ந்து வாங்க. தலை லேசா கனத்தா வளைவ திட்டாதீங்க. வண்டிய நிறுத்தி, கதவத் திறந்துவிட்டு, எல்லாரையும் இறக்கி நல்ல காத்துல நிக்க வைங்க. மெக்கானிக்க அடுத்த நாளே பாருங்க.